தகரமா? ஃபைபரா? (கொசுவத்திப் பதிவு)

போன மாசம் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். சூலூர் பக்கம் தோட்டம். வீட்டுக்குப் பின்னாடி, கட்டுத்தறியை ஒட்டி ஒரு கோழிக்கூண்டு இருக்கு. அதுக்கு மேல மூடியா கெடக்கறது வேற ஒண்ணுமில்ல, மாருதி எண்ணூறோட பானட். கம்பெனி பானட் இல்லீங்க, ஃபைபர்ல நாங்க செய்யச் சொல்லி வாங்கினது. கிட்டத்தட்ட இருபது வருஷமா வெயில்லயும் மழையிலயும் கெடந்து மேல் பூச்சு வெளுத்து, உள்ள இருக்கற கண்ணாடி நார் எட்டிப் பாக்குது. மத்தபடி துரு இல்ல, உளுத்துப் போகல.

"அருமையான மூடிங்க மாப்ள. ஆடிக் காத்துக்குக் கூட அசையறதில்ல. நல்ல கனம்"னு மாமனார் சர்டிபிகேட் குடுத்தார்.

பக்கத்துல நின்ன தங்கமணி வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அந்தக் கனம்தான் அன்னிக்கு எங்க பிரச்சனையே. அது மாமனாருக்குத் தெரியாது. அந்த வண்டியை ஓட்டினது யாருங்கறதும் இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் சொந்த வண்டியைப் பிரிச்சு மேய வேண்டாம். நான் டிப்ளமா மெக்கானிக்கல், வேலை பம்ப் கம்பெனியில. ரேஸ் கார் இஞ்சினியர் எல்லாம் கிடையாது.

சரி, கொசுவத்தியை சுத்துவோம். வருஷம் 2006. கோயமுத்தூர்ல பொறந்தவனுக்கு கார் ரேஸ் பைத்தியம் புடிக்கறதுக்குத் தனியா காரணமே தேவையில்ல. கரிவரதன் வாழ்ந்த ஊரு. மாருதி எண்ணூறோட இஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒத்தை சீட்டு ரேஸ் காரை எண்பதுகள் கடைசியிலேயே உருவாக்கினவர் அவர். 1995ல விமான விபத்துல போயிட்டார். அவர் பேர்லதான் செட்டிப்பாளையம் ட்ராக் 2003ல திறந்தாங்க. 2005ல நம்ம நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்ட ஆரம்பிச்சதும் டீக்கடை பெஞ்சுல கூட 'டவுன்ஃபோர்ஸ்' பத்திப் பேச்சு. என் மச்சினனுக்கு அப்ப 23 வயசு. அவனை மட்டும் காத்து கருப்பு அண்டாம இருக்குமா?

ரெண்டு பேரும் பணம் போட்டு 94 மாடல் மாருதி எண்ணூறு ஒண்ணு வாங்கினோம். வெள்ளை கலர். போட்டின்னா பெரிசா இல்ல, மண் ட்ராக்ல கடிகாரத்தை எதிர்த்து ஒவ்வொருத்தரா ஓட்டற ரகம். வண்டி ஒரு ஃபேக்டரி ஷெட் ஓரமா நிக்கும். வீட்டுக்குத் தெரியாது. தங்கமணிக்கு மட்டும் தெரியும். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உங்க ரெண்டு பேரையும் தொலைச்சிருவாரு"ன்னு தினம் ஒரு தடவை சொல்லுவாங்க. அவனுக்கு அம்மா இல்ல. என்னை நம்பித்தான் தம்பியை விட்டிருந்தாங்கங்கறதை அப்ப நான் சரியா யோசிக்கல.

எண்ணூறு எடை 650 கிலோ சுமார். இஞ்சின் 796 சிசி, 40 குதிரைசக்தியைக் கூட எட்டாது. இஞ்சின்ல கை வெக்கணும்னா காசு அழும். எடையைக் குறைக்க ஸ்பேனர் இருந்தா போதும். பின் சீட், தரை விரிப்பு, கதவு உள் அட்டை, ஹீட்டர் எல்லாம் கழட்டி மூலையில போட்டோம். அடுத்தது? மச்சினன் ஒரு ஆட்டோமொபைல் புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டே வந்தான். "மாமா, தகரம் முழுசையும் தூக்கிருவோம். பானட், ஃபெண்டர், கதவு எல்லாம் ஃபைபர். நூறு கிலோ குறைஞ்சிரும்."

நூறு கிலோ! கேக்கவே காது குளிர்ந்துச்சு.

கோயமுத்தூர்ல ஃபைபர் வேலைக்குப் பஞ்சமில்ல. தண்ணி டேங்க், பஸ் முன் மூஞ்சி, ஜவுளிக்கடை வாசல்ல கும்புட்டுக்கிட்டு நிக்கற பொம்மை, எல்லாம் ஃபைபர்தான். அப்படி ஒரு பட்டறையில எங்க தகர பானட்டைக் கழட்டிக் குடுத்து, அதை வெச்சு அச்சு எடுத்து ஒண்ணு செஞ்சு தரச் சொன்னோம். பத்து நாள்ல பளபளன்னு வந்துச்சு. தூக்கினப்பவே எனக்கு லேசா சந்தேகம். பக்கத்துல பழைய இரும்புக் கடையில தராசுல வெச்சோம். தகரம் ஒன்பது கிலோ சொச்சம். ஃபைபர் பதினொண்ணே கால்.

அவ்வ்வ்வ்வ்...

பட்டறைக்காரர் மேல தப்பே இல்ல. தண்ணி டேங்க் செய்யற கை. "ஸ்ட்ராங்கா வேணும்னீங்களேங்க, நாலு மேட் போட்டிருக்கேன்"னார் பெருமையா. அன்னிக்கு ராத்திரி நோட்டை எடுத்து உக்காந்தேன். இதை முன்னாடியே செஞ்சிருக்கணும். இரும்புத் தகடு தண்ணியை விட கிட்டத்தட்ட எட்டு மடங்கு கனம். கையால பூசற கண்ணாடி ஃபைபர் ஒன்றரை மடங்கு. இதை மட்டும் பாத்தா அஞ்சுல ஒரு பங்கு எடைன்னு தோணும். எல்லாரும் ஏமாறறது இங்கதான். காரோட தகடு 0.7 மில்லிமீட்டர்தான். ஒரு சதுர மீட்டர் அஞ்சரை கிலோ. ஃபைபரை அவ்வளவு மெல்லிசா போட முடியாது. போட்டா அப்பளம். எங்க பானட் நாலரை மில்லிமீட்டர். சதுர மீட்டர் கிட்டத்தட்ட ஏழு கிலோ ஆயிடுச்சு. தகடு ஜெயிச்சிருச்சு!

அப்ப எவ்வளவு கனம் போட்டா சரி? ஒரு தகட்டை வளைக்க எவ்வளவு பலம் வேணுங்கறது அதோட கனத்துக்கு மூணு மடி கணக்குல ஏறும். கனம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு. ஃபைபர் பொருளா பாத்தா இரும்பை விட இருபத்தஞ்சு முப்பது மடங்கு தொளதொளப்பு. ஆனா கனம் மூணு மடங்கா இருக்கறதால அந்தக் கணக்கு ஈடாயிடுது. ரெண்டு, ரெண்டே கால் மில்லிமீட்டர் ஃபைபர் போட்டா 0.7 தகட்டுக்கு சமமான விறைப்பு. எடை சதுர மீட்டருக்கு மூணே கால் கிலோதான். அதாவது மேட் ரெண்டே ரெண்டு. மத்த ரெண்டு மேட்டும் சும்மா சொமை.

பட்டறைக்காரர்கிட்ட ரெண்டு மேட் போதும்னு சொன்னா மனுஷன் ஒத்துக்கவே இல்ல. "என் பேர் கெட்டுப் போயிருங்க." சரின்னு அச்சை மட்டும் வாடகைக்கு வாங்கி நாங்களே இறங்கினோம். ஞாயித்துக்கிழமை காலையில அச்சுக்கு மெழுகு தேய்ச்சு, ஜெல்கோட் அடிச்சு, மேட்டை விரிச்சு, ரெசின் பூசி, ரோலர் போட்டு காத்துக் குமிழியை ஓட்டற வேலை. ரெசின்ல கோபால்ட் கலந்து நல்லா கலக்கின பிறகுதான் ஹார்ட்னர் ஊத்தணும். ரெண்டையும் நேரடியா ஒண்ணா சேத்தா வெடிக்கும். பட்டறைப் பையன் அதை மட்டும் மூணு தடவை சொல்லிட்டுப் போனான். மேட்டோட எடைக்கு ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் போதும். அதுக்கு மேல ஊத்தினா பலம் ஏறாது, எடைதான் ஏறும். நம்ம கைக்கு அந்த அளவு வர்றதுக்குள்ள ரெண்டு பானட் குப்பைக்குப் போச்சு. மூணாவது அஞ்சு கிலோ நானூறு. அதைத் தராசுல பாத்தப்ப மச்சினன் போட்ட ஆட்டம் இருக்கே!

அப்புறம் அரிப்பு. கண்ணாடி நார் தோல்ல ஏறினா ரெண்டு நாள் தூக்கம் போச்சு. தேங்காய் எண்ணெய், பவுடர், பச்சைத் தண்ணி, எதுக்கும் மசியாது. தங்கமணி என் சட்டையைத் தனி பக்கெட்ல ஊற வெச்சாங்க. வீட்டுல எதிர்க் கேள்வி கேக்காம அமைதியா இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

இங்க பாயைப் பத்தி சொல்லியாகணும். உக்கடம் பக்கம் டிங்கர் பட்டறை வெச்சிருந்தவர். அறுபது வயசு இருக்கும். எங்க வண்டியோட தகர வேலை எல்லாம் அவர்தான். ஃபெண்டர்ல ஒரு குழி விழுந்தா உள்ள டாலியைக் குடுத்து, வெளிய சுத்தியலால தட்டித் தட்டி எடுப்பார். தகடு அடி வாங்கி இழுபட்டு 'டொப்பு டொப்பு'ன்னு உள்ள வெளிய போகும் பாருங்க, அதுக்கு கேஸ் நெருப்பால ஒரு காசு அளவுக்கு சிவக்கக் காய்ச்சி, ஈரத் துணியை வெப்பார். 'உஸ்'ஸுன்னு தகடு சுருங்கி இறுகிடும். பட்டி பூசி மறைக்கறது அவருக்குப் புடிக்காது. "பட்டி பூசறவன் டிங்கர் இல்ல தம்பி, மேக்கப்மேன்."

ஃபைபர் பானட்டை அவர்கிட்ட எடுத்துட்டுப் போனப்ப கிண்டல் பண்ணுவார்னு நினைச்சேன். தட்டிப் பாத்தார், முனையைப் புடிச்சு முறுக்கிப் பாத்தார். "பானட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. கீல் வர்ற இடத்துல மட்டும் உள்ள ஒரு இரும்புப் பட்டை வெச்சு மேட் போடுங்க, இல்லாட்டி போல்ட் பிச்சிக்கிட்டு வரும். கம்பெனி லாக்கை நம்பாதீங்க, பின் போட்டுக்குங்க." அவ்வளவுதான். ஃபெண்டரும் சரின்னார். அதுவும் போல்ட்ல நிக்கற சாமான், மாத்தலாம்.

கூரையையும் மாத்தலாமான்னு மச்சினன் கேட்டதுக்குத்தான் முறைச்சார். எண்ணூறுக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. கூரை, தரை, தூண் எல்லாம் சேத்து பத்த வெச்ச கூடுதான் வண்டியே. ஃபார்முலா மாருதியில ஃபைபர் ஓட்டைக் கழட்டி வெச்சாலும் உள்ள இரும்புக் குழாய்ல ஒரு முழு எலும்புக்கூடு நிக்கும். அங்க ஃபைபர் வெறும் சட்டை. எங்க வண்டியில போல்ட்ல கழலறது சட்டை, பத்த வெச்சது தோலும் எலும்பும். இந்த வித்தியாசம் புரியாமத்தான் நூறு கிலோ கனவு கண்டிருக்கோம்.

கதவுதான் ரெண்டுங்கெட்டான். போல்ட்ல கழலுது. ஆனா அதுக்கு இந்தப் பக்கம் ஆள் உக்காந்திருக்கான்.

முன் கதவு ஒண்ணு கண்ணாடி, ஏத்தி இறக்கற சாமானோட 16 கிலோ. ஃபைபர்ல வெளித்தோல் மட்டும் செஞ்சு, கண்ணாடிக்கு பதில் பாலிகார்பனேட் ஷீட் போட்டா நாலு கிலோ. ரெண்டு கதவுக்கு 24 கிலோ மிச்சம். கையில இருந்தது பதினாலாயிரம் ரூபா. அதுல கதவு செய்யலாம். இல்லாட்டி வண்டியோட வந்த அரைக் கூண்டை முழுக் கூண்டாக்கலாம். அரைக் கூண்டுன்னா சீட்டுக்குப் பின்னாடி ஒரு வளையம், பின்னால ரெண்டு தாங்கு, அவ்வளவுதான். கவுந்தா தலையைக் காப்பாத்தும். பக்கவாட்டுல ஒண்ணுமே இல்ல.

நான் கதவுன்னு முடிவு பண்ணினேன். யாரும் வற்புறுத்தல. பக்கத்துல மோத அங்க வேற வண்டியே கிடையாதே, ஒத்தையாத்தானே ஓட்டப் போறான், பைப்பை அடுத்த போட்டிக்குப் பாத்துக்கலாம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

கொஞ்சம் கிளைக்கதை. நம்ம நாட்டுல ஃபைபர் உடம்போட ஒரு கார் வித்துக்கிட்டு இருந்தாங்க, ஞாபகம் இருக்கா? எண்பதுகள்ல பெங்களூர் சிபானி கம்பெனியோட டால்ஃபின். இங்கிலாந்து ரிலயன்ட் கிட்டனோட தம்பி. சின்ன அலுமினிய இஞ்சின், பஞ்சு மாதிரி எடை. ராலி ஓட்டறவங்களுக்கு அதுன்னா உசுரு. ஆனா குடும்பஸ்தன் வாங்கல. 'பிளாஸ்டிக் கார்'னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. 1983 டிசம்பர்ல மாருதி வந்ததும் டால்ஃபின் பாடு திண்டாட்டம். தட்டினா 'டங்'குன்னு சத்தம் வரணும் நம்மாளுக்கு.

இது நம்ம ஊர் மனசு மட்டும் இல்ல போல. அமெரிக்காவுல நாஸ்கார் பந்தயத்தோட பெரிய தொடர்ல ரொம்ப காலம் தகரத்தையே கட்டிக்கிட்டு அழுதாங்க. 2013ல வந்த தலைமுறை கார்ல பானட்டும் டிக்கி மூடியும் மட்டும் கார்பன் ஃபைபர், மத்தது தகடு. அடுத்த வரிசைத் தொடர்ல 2017ல சோதனையா கலவைப் பொருள் உடம்பு கொண்டு வந்தாங்க. பெரிய தொடருக்கு 2022லதான் வந்துச்சு. எடை மட்டும் காரணமில்லைங்க. அங்க ஒவ்வொரு டீம்லயும் நம்ம பாய் மாதிரி கை தேர்ந்த ஆளுங்க தகட்டை உருட்டி, தட்டி, அளவு பாக்கறவன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைச்சு காத்தை ஏமாத்துவாங்க. அச்சுல வார்த்த பேனலை ஒரே இடத்துல வாங்கி மாட்டணும்னு சட்டம் போட்டா அந்த வித்தை செல்லாது. செலவும் குறையும். திறமைக்கு வேலை இல்லாம போறதும் கூடவே நடக்கும். எனக்கு அதுல வருத்தம் உண்டு.

இன்னொரு லாபம் டயர். தகர ஃபெண்டர் இடிச்சா உள்ள மடங்கி டயரை அறுக்கும். புது பேனல் நெளிஞ்சு பழைய இடத்துக்கே வந்துரும். 2022 அக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில்ல கடைசி சுத்துல ராஸ் சாஸ்டெய்ன் காரை சுவத்தோட ஒட்டி, ஸ்டியரிங்கை விட்டுட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சு அஞ்சு காரை முந்தினாரே, பாத்திருப்பீங்க. பழைய தகர உடம்பா இருந்தா அந்த உரசல்ல கிழிஞ்சு தொங்கியிருக்கும்னுதான் நான் நினைக்கறேன். அடுத்த வருஷ ஆரம்பத்துலயே அந்த வித்தைக்குத் தடை வந்துருச்சு, அது வேற கதை.

ஆனா அதே 2022 செப்டம்பர்ல டார்லிங்டன்ல கெவின் ஹார்விக் கார் ஓடிக்கிட்டு இருக்கும்போதே தீப்புடிச்சுது. ஆள் தப்பிச்சார். அதுக்கப்புறம் புகைக்குழாய் போற பக்கம் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வெக்கச் சொன்னாங்க. ரெசின் எரியும், தகரம் எரியாது. அதுக்கு முன்னாடி ஜூலையில போகோனோ தகுதிச் சுத்துல கர்ட் புஷ் பின்பக்கமா சுவத்துல மோதினார். கார் வெளிய பெரிசா நொறுங்கல. தலைக்குள்ள அடி. திரும்ப நாஸ்கார் ரேஸுக்கு வரவே இல்ல. அங்க பிரச்சனை உடம்பு இல்ல, உள்ள இருந்த எலும்பு ரொம்ப விறைப்பு.

சரி, உக்கடத்துக்கு வருவோம்.

கதவு ரெண்டும் செஞ்சு பெயின்ட் அடிச்சு பாய்கிட்ட எடுத்துட்டுப் போனோம், கீலுக்குப் பொருத்தறதுக்கு. பாய் கதவை ஒத்தைக் கையில தூக்கிப் பாத்தார். வண்டிக்குள்ள எட்டிப் பாத்தார்.

"பைப் எங்க?"

"அடுத்த மாசம் பாய்."

"அப்ப கதவும் அடுத்த மாசம்."

"பாய், தகரக் கதவா இருந்தா மட்டும் என்ன பாய்? அதுவும் ரெண்டு தகடுதானே, நடுவுல காத்து. நீங்களே பிரிச்சுப் பாத்திருக்கீங்க"ன்னு மச்சினன் மடக்கினான். நெசம்தான். அந்தக் கால எண்ணூறு கதவுக்குள்ள குறுக்குக் கம்பி எதுவும் கிடையாது.

"நான் எங்க தகரக் கதவோட போங்கன்னு சொன்னேன்? எந்தக் கதவா இருந்தாலும் பைப் இல்லாம போகாதீங்கன்னுதான் சொல்றேன்."

பாய் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவன் உங்க பையனா இருந்தா கதவு வாங்குவீங்களா, பைப் வாங்குவீங்களா?"

நான் பதில் சொல்லல. ஷெட்ல ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. காசு இல்ல பாய்னு முணுமுணுத்தேன்.

அவர் அதுக்கு மேல ஒண்ணும் பேசல. வண்டியை விட்டுட்டுப் போகச் சொன்னார். ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டார். போய்ப் பாத்தா முன்னாடி தூணை ஒட்டி ரெண்டு கால், மேல குறுக்க ஒண்ணு, ஒவ்வொரு கதவுப் பக்கமும் பெருக்கல் குறி மாதிரி ரெண்டு பைப். பக்கத்துப் பட்டறை வெல்டரை ராத்திரி உக்கார வெச்சு பத்த வெச்சிருக்கார். பிளம்பிங் பைப் இல்ல, தையல் இல்லாத குழாய், 38 மில்லிமீட்டர் விட்டம், ரெண்டரை மில்லிமீட்டர் கனம். உலக அமைப்பு எஃப்.ஐ.ஏ. விதிப் புஸ்தகத்துல இந்தப் பைப்புகளுக்குப் போட்டிருக்கற அதே அளவு. மச்சினன் காட்டின புஸ்தகத்துல இருந்து என்னிக்கோ பாத்து வெச்சிருக்கார் மனுஷன். காசு? "இருக்கறப்ப குடுங்க."

நான் கணக்குப் போட்டேன். பைப் மொத்தம் இருபத்தொரு கிலோ சொச்சம். கதவுல மிச்சம் புடிச்சது இருபத்து நாலு. மச்சினன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "இத்தனை அரிப்பும் மூணு கிலோவுக்கா மாமா?"

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. கூட வேலை செய்யற நண்பரோட தரிசுக் காட்டுல நாங்களே ட்ராக் போட்டோம். பெயின்ட் டப்பா, பழைய டயர் வெச்சு வளைவு. இடத்தைப் பாத்து முடிவு பண்ணினது நான்தான். ஓரத்துல கல்லுக்கால் வேலி இருந்துச்சு. நம்ம பக்கம் தெரியுமே, கருங்கல்லை ஆள் உயரத்துக்கு உடைச்சு நட்டு கம்பி கட்டியிருப்பாங்க. தூரமாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்.

ஏழாவது சுத்து. இடது வளைவு. ரெண்டாவது கியர்ல நல்ல வேகத்துல வந்தான். காலையில பேஞ்ச தூறல்ல மேல் மண்ணு வழுக்கிடுச்சு. வண்டி மூக்கை இடது பக்கம் வெச்சுக்கிட்டு மொத்தமா வலது பக்கம் சரிக்கிக்கிட்டே போகுது. டயரைத் தாண்டுச்சு. டப்பாவைத் தாண்டுச்சு. ஒரு கல்லுக்கால் மேல வலது கதவு நேரா போய் மோதுச்சு.

சத்தம் வித்தியாசமா இருந்துச்சு. தகரம் மோதற சத்தம் இல்ல. ஓடு உடையற மாதிரி. வெள்ளைத் துண்டுகள் காத்துல பறந்துச்சு. கல்லுக்கால் அடியோட முறிஞ்சு சாஞ்சிடுச்சு.

ஓடிப் போய்ப் பாக்கறதுக்குள்ள என் உசுரு என்கிட்ட இல்ல. கதவுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. கீல் ஓரமா ஒரு கையகல ஃபைபர் தொங்குது. பெருக்கல் குறியோட நடுவுல பைப் ரெண்டு அங்குலம் உள்ள வளைஞ்சு, அவன் தொடையைத் தொட்டுக்கிட்டு நிக்குது. "மாமா, இஞ்சினை ஆஃப் பண்ணிட்டேன்"னான். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. தொடையில ஒரு கன்னிப்போன அடி. முழங்கையில ஃபைபர் முனை கிழிச்சு ஆறு தையல். வீட்டுல பைக்ல இருந்து விழுந்துட்டான்னு சொன்னோம். மாமனார் என் பைக்கைச் சுத்திச் சுத்திப் பாத்தார். ஒரு கீறல் இல்ல. ஒண்ணும் கேக்கல.

தங்கமணிகிட்ட மட்டும் அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் சொன்னேன், பதினாலாயிரத்தை எதுக்குக் குடுத்தேங்கறது உட்பட. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "பாய்க்கு எவ்வளவு தரணும்?"னு கேட்டாங்க. அடுத்த நாள் காலையில ஒரு ஜோடி கம்மல் பேங்குக்குப் போச்சு.

பாய் வண்டியை வந்து பாத்தார். வளைஞ்ச பைப்பை விரலால தடவினார். "பாய், தகரக் கதவை எடுக்காம இருந்திருந்தா பைப் இவ்வளவு வளைஞ்சிருக்காதோ?"ன்னு கேட்டேன். உள்ளுக்குள்ள அதுதான் அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்சம் யோசிச்சார். "கொஞ்சம் வாங்கியிருக்கும் தம்பி. ஒரு விரக்கடை கம்மியா வளைஞ்சிருக்கலாம். பைப் இல்லாம தகரம் மட்டும் இருந்திருந்தா, நானே வந்து அறுத்துத்தான் தம்பியை வெளிய எடுத்திருக்கணும்." நாப்பது வருஷம் தகரம் தட்டின மனுஷன்.

பணத்தை நீட்டினதுக்கு எண்ணிப் பாத்து பைப் காசையும் வெல்டர் கூலியையும் மட்டும் எடுத்துக்கிட்டார். அவரோட கூலியைக் கேட்டா, "கதவு வேலை பாக்கி இருக்குல்ல, அப்ப சேத்து வாங்கிக்கறேன்"னார். கதவு வேலை வரவே இல்ல. அந்த வண்டியை அதுக்கப்புறம் நாங்க ஓட்டல. நல்ல பானட்டும் கூண்டும் வேற ஒரு பையனுக்குப் போச்சு. தண்ணி டேங்க் பானட்டை வாங்க ஆளில்லாம அது கோழிக்கூண்டுக்கு வந்துச்சு.

ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. மோதின மறுநாள் நண்பரோட அப்பா காட்டுக்கு வந்தார். முறிஞ்ச கல்லுக்காலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கீழ கெடந்த துண்டுகளைப் பாத்தார். தகரமா இருந்தா ரெண்டு மூணு துண்டுதான், பொறுக்கிப் போட்டிரலாம். இது ஆயிரம் சில்லு, ஊசி ஊசியா, புல்லுக்குள்ள. "நாளன்னிக்கு மாடு மேய விடணும். ஒரு துண்டு இருக்கக் கூடாது"ன்னுட்டு ரெண்டு சாக்கைத் தூக்கிப் போட்டுட்டுப் போனார். நானும், முழங்கையில கட்டோட மச்சினனும் ரெண்டு நாள் அந்தக் காட்டுல மண்டி போட்டு புல்லை விலக்கி விலக்கிப் பொறுக்கினோம். ரெண்டாம் நாள் சாயங்காலம் பாயும் வந்து கொஞ்ச நேரம் கூடப் பொறுக்கினார். மூணு பேருக்கும் ஒரு வாரம் அரிப்பு.